கூடுவிட்டுக் கூடு பாயும் காதல்: களைத்துப்போன நாளுக்கு எந்தக் கதை?

போன மாதம் ஓர் இரவு, பதினொன்றரை மணி இருக்கும். தோழியின் தங்கை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். தாதியாக வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். “அக்கா, வேலை முடிஞ்சு வந்தா மண்டை காலியா இருக்கு, ஆனா தூக்கம் வரல. நீங்க படிப்பீங்களே, உலகம் உலகமாப் போற காதல் கதை, அதை ஆரம்பிக்கவா? இல்ல, ஒரே நீளக் கதையா எடுக்கவா? தமிழ்லயே ஏதாவது தொடர்கதை படிக்கலாமா?”

‘முதலாவதை எடு’ என்று உடனே பதில் போட்டுவிட்டேன். அப்புறம் படுத்தபின் அது அரைகுறைப் பதில் என்று பட்டது. நாலு வருஷமாக இந்தக் கதைகளோடுதான் இருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தவை அவை. எங்கே ஏமாற்றும் என்பதும் தெரியும். அதனால் இங்கே முழுசாகவே எழுதுகிறேன். அவளைப் போலவே கேட்கிற வேறு சிலருக்கும் உதவும்.

முதலில், இது என்ன வகை என்று தெரியாதவர்களுக்கு. சீனத்தில் இதற்கு ‘குவாய் சுவான்’ என்று பெயர். குவாய் என்றால் வேகம், சுவான் என்றால் ஊடுருவிக் கடப்பது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் சீனத் தோழிதான் உணவங்காடியில் மதியச் சாப்பாட்டின்போது விளக்கிச் சொன்னாள். நமக்கு விளக்கமே தேவையில்லை, தமிழில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. நாயகி ஏதோ ஒரு விபத்தில் சாகிறாள். தலைக்குள் ‘சிஸ்டம்’ என்ற ஒரு குரல் பேசுகிறது. அது அவளை ஒரு உலகத்துக்கு அனுப்பி, அங்கே பாதியில் வாழ்க்கை நாசமான ஒரு பெண்ணின் உடம்புக்குள் புகுத்துகிறது. அந்தப் பெண்ணின் ஆசையை நிறைவேற்ற வேண்டும். முடிந்ததும் அடுத்த உலகம். ஒன்றில் அரண்மனை, ஒன்றில் பள்ளிக்கூடம், ஒன்றில் சினிமா உலகம், ஒன்றில் பிணங்கள் எழுந்து நடக்கும் ஊழிக்காலம். ஒவ்வொன்றும் இருபது முதல் ஐம்பது அத்தியாயம் வரை போகும். முகமும் பேரும் மாறினாலும், காதலன் மட்டும் எல்லா உலகத்திலும் ஒரே ஆத்மாவாக இருப்பது இதில் பெரும்பாலும் எழுதாத விதி.

இதில் ‘தியென் வென்’, அதாவது இனிப்புக் கதை, ஒரு தனிப் பிரிவு. சந்தேகம், பழிவாங்கல், பிரிவு எல்லாம் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் நீளாது. அவன் அவளைச் சந்தேகப்பட மாட்டான். அவள் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து நிற்பான்.

எனக்கு இது பிடித்துப்போன காரணம் ரொம்பச் சாதாரணமானது. சிங்கப்பூரில் தினமும் வேலைக்கு ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குகிறவள் நான். காத்திப்பைத் தாண்டினால் இயோ சூ காங் வரை நிலையமே வராது, ஜன்னலுக்கு வெளியே வெறும் பச்சை. அந்த நீளத்தில் ஒரு அத்தியாயம் ஏறக்குறைய முடிந்துவிடும். பிஷானுக்கு அப்புறம் ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது இரண்டாவது அத்தியாயம். ஒரு உலகம் ஒரு வாரப் பயணத்துக்குள் முடிகிறது. முந்தைய நாள் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. கதையில் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றத்தை வேலைக்கும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. முடிவு நல்லதாக இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருப்பதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நாள் முழுக்க யாருக்கு என்ன ஆகுமோ என்று பயந்து வேலை செய்கிறவளுக்கு அதுதான் மருந்து.

அந்த இனிப்பு எப்படி உருவாகிறது என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. பெண்கள் பெண்களுக்காக எழுதும் இந்தக் கதைகளின் தாய்வீடு 2003-இல் தொடங்கிய ஜின்ஜியாங் தளம். 2014-இல் சீனாவில் இணையத்தைத் துப்புரவு செய்யும் அரசு இயக்கம் நடந்தபோது, கழுத்துக்குக் கீழே எதையும் வர்ணிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்தத் தளத்தில் வந்தது. அதனால் எழுத்தாளர்களுக்குக் கை, நெற்றி, தலைமுடி, சாப்பாடு, அவ்வளவுதான் மிச்சம். அந்தச் சின்ன இடத்துக்குள் அவர்கள் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நான் படித்த ஒன்றில், முதல் உலகத்தில் அவன் தளபதி. மழையில் நனைந்து வந்தவளின் முடியை அடுப்பருகே உட்காரவைத்து, நுனியிலிருந்து மேலே மேலே துணியால் ஒற்றி எடுக்கிறான். வேரிலிருந்து தேய்த்தால் சிக்கு விழும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவன் அம்மாவைப் பார்த்துக் கற்றது. மூன்றாவது உலகத்தில் அவன் ஒரு கம்பெனி முதலாளி. அவளை யாரென்றே தெரியாது. நனைந்த தலையோடு லிஃப்டில் இருந்து வெளியே வருகிறவளிடம் துண்டை நீட்டி, “நுனியிலிருந்து துடை” என்கிறான். அவள் அப்படியே நின்றுவிடுகிறாள். எனக்கும் நெஞ்சு அடைத்தது. நல்ல இனிப்புக் கதை என்றால் இதைத்தான் சொல்வேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். நான் பார்த்தவரை இந்தக் கதைகளில் முக்கால்வாசி இந்த உயரத்தைத் தொடுவதில்லை.

திகட்டும் என்பது முதல் குறை. முதல் உலகத்தில் இனித்தது ஐந்தாவது உலகத்தில் அப்படியே திரும்ப வரும். அதே பொறாமைக்காரத் தோழி, அதே விருந்து, அதே நேரத்தில் அவன் உள்ளே நுழைந்து அவள் பக்கம் நிற்பது. கதை தினமும் எழுதப்படுவதும், வாசகர் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் படிப்பதும் இதற்குக் காரணம். உலகங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம், கதை முடிய வேண்டிய கட்டாயமே இல்லை. படிக்கிறவள்தான் நிறுத்தத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எந்தக் கதையிலும் நாலாவது உலகத்தோடு ஒரு இடைவெளி விடுகிறேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனால் ருசி வந்துவிடுகிறது. வராவிட்டால் அந்தக் கதை அவ்வளவுதான் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, காதலன் ஆளே இல்லாமல் போவது. ஒவ்வொரு உலகத்திலும் அவளை நேசிப்பதுதான் அவன் வேலை என்றானபின் அவனுக்கென்று ஒரு கோபமோ ஆசையோ நண்பனோ இருப்பதில்லை.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு கதையில் நாயகி பதினேழு வயதுப் பள்ளி மாணவியின் உடம்புக்குள் போகிறாள். அந்தப் பெண்ணின் அம்மா ஒரு சின்ன நூடல்ஸ் கடை வைத்திருக்கிறாள். மகளுக்குத் தினமும் காலையில் ஒரு கிண்ணம். மேலே ஒரு முட்டை தெரியும். சாப்பிட்டுக்கொண்டே போனால் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். தம்பி பார்த்தால் அவனும் கேட்பான், முட்டை ஒன்றுதான் மிச்சம் என்று அதை அடியில் வைப்பாள். இருபத்தெட்டு அத்தியாயம் அந்த அம்மாவோடு இருந்தேன். பிறகு வேலை முடிந்தது, மதிப்பெண் ஏறியது, ‘ஹோஸ்ட் வெளியேறுகிறார்’, அதாவது நாயகி கிளம்புகிறாள், என்று சிஸ்டம் சொன்னது. அடுத்த வரி அடுத்த உலகம். அந்த அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கி, மேலே போகாமல், நடைமேடை இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திருமூலர் கதையில் இந்த இடம் விடுபடவில்லை. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் கதறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் யோகி அவன் உடம்புக்குள் புகுந்து அவற்றை வீட்டுக்கு ஓட்டி வருகிறார். அங்கே மூலனின் மனைவி காத்திருக்கிறாள். அவர் ‘உனக்கும் எனக்கும் உறவு இல்லை’ என்று விலகுகிறார். அவள் விடிந்ததும் ஊராரிடம் போய் முறையிடுகிறாள். அவள் துக்கத்துக்குப் பெரியபுராணத்தில் சில வரிகளாவது இடம் உண்டு. கூடு பாய்கிறவர் யாராக இருந்தாலும், பின்னால் ஒரு வீட்டில் ஒருத்தி நிற்கிறாள். ஊரில் அம்மாவை விட்டுவிட்டு இங்கே வந்து வேலை செய்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்த இடத்தை ஒரு எழுத்தாளர் எப்படிக் கையாள்கிறார் என்பதை வைத்துத்தான் நான் இப்போதெல்லாம் கதையைத் தேர்ந்தெடுக்கிறேன். அந்தப் பெண்ணின் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்து, பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, தானும் கிழவியாகிச் செத்தபின்பே அடுத்த உலகத்துக்குப் போகும் நாயகிகள் இருக்கிறார்கள். அந்தக் கதைகளில் இனிப்பு குறையவே இல்லை. இன்னும் சொல்லப்போனால் அங்கேதான் அது தங்குகிறது.

சரி, மற்ற வழிகள் என்ன?

இதே உலகம் தாவும் கதைகளில் துன்பக் கதைகளும் உண்டு, ‘நுவே வென்’ என்பார்கள். காதலன் வதைப்பான், பிறகு வருந்துவான். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவளுக்கு வேண்டவே வேண்டாம். அவ்வளவுதான் சொல்வேன்.

ஒரே உலகத்தில் நடக்கும் நீளமான காதல் கதை வேறு விஷயம். அதுவும் பழைய காலத்துப் பெருங்குடும்பக் கதை என்றால் எனக்கு உயிர். அங்கே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கே முப்பது அத்தியாயம் ஆகும். மாமியாருக்குக்கூட ஒரு கடந்தகாலம் இருக்கும். உலகம் தாவும் கதையால் தரவே முடியாதது அந்தப் பொறுமை. அதோடு, இந்தக் கதைகளைத் தமிழர்கள் நன்றாகவே புரிந்துகொள்வோம் என்று நினைக்கிறேன். அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல் சீனத்தில் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘அங்கிள்’ ஆகிவிடும். நாம் படிக்கும்போதே பெரியப்பா, சித்தப்பா என்று மனம் பிரித்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், அப்பாவின் சகோதரர் பிள்ளைகளை ‘தாங்’ என்றும், அத்தை, மாமா பிள்ளைகளை ‘பியாவ்’ என்றும் பிரிக்கிறார்கள். பழங்காலக் கதைகளில் பியாவ் வழியில் கல்யாணப் பேச்சு நடக்கும், தாங் வழியில் நடக்காது. மற்றவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் நாம் ‘முறைதானே’ என்று கடந்துவிடுவோம். சித்தி பிள்ளைகளையும் பியாவ் கணக்கில் சேர்ப்பதுதான் நமக்கு இடிக்கும்.

காதலனை ‘கக’, அதாவது அண்ணன், என்று கொஞ்சுவதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று வரும்போது சங்கடமாக இருக்கும். தமிழில் அண்ணா என்று போட்டாலும் சங்கடம்தான். ஆனால் ‘அத்தான்’ என்று மனத்துக்குள் மாற்றிப் படித்துப் பாருங்கள், காட்சி சட்டென்று உயிர் பெறும்.

இந்த வகையின் கஷ்டம் நினைவாற்றல். நாற்பது பேர், ஒவ்வொருவருக்கும் பேர், பட்டம், செல்லப்பேர் மூன்றும் இருக்கும். ஷிஃப்ட் மாறி மூன்று நாள் படிக்காமல் விட்டால் யார் யார் என்று குழம்பிவிடும். நீள விடுமுறைக்கு, அல்லது ஊருக்குப் போகும் விமானத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியது.

தமிழ்த் தொடர்கதைகள் பற்றியும் அவள் கேட்டாள். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் தினமும் புதிது புதிதாக வருகின்றன. மொழி நம்முடையது என்பது சின்ன விஷயம் இல்லை. அத்தான் என்று நாமே மாற்றிக்கொள்ள வேண்டாம், அங்கே அத்தான் என்றே இருக்கும். மல்லிகை வாசமும் மாமியார் பேச்சும் அப்படியே வந்து இறங்கும். ஒரு குறை மட்டும் என்னை அங்கே முழுதாக இருக்கவிடவில்லை. ‘ஆன்டி ஹீரோ’ என்ற அடையாளத்தோடு வரும் கதைகளில் நாயகன் கட்டாயத் தாலி கட்டுகிறான், கை ஓங்குகிறான், கடைசியில் அது காதலாகிவிடுகிறது. வாசகர்கள் விரும்பித்தான் படிக்கிறார்கள். ஆனால் முடியை நுனியிலிருந்து ஒற்றியெடுப்பவனைப் பார்த்தபின் என்னால் அவனை ஏற்க முடியவில்லை. மென்மையான ஆண்களைத் தமிழிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தேடித்தான் எடுக்க வேண்டும். பாதியில் நின்றுபோகும் தொடர்களும் நிறைய, அதனால் முடிந்தது என்று குறித்திருக்கும் கதையையே தொடங்குவது நல்லது.

திரையே வேண்டாம் என்றால் நூலகம் இருக்கிறது. பெரும்பாலான வட்டார நூலகங்களில் தமிழ் அடுக்கு உண்டு, எடுத்த புத்தகத்தை 21 நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலகம் தாவும் கதைகள் அங்கே கிடைப்பது அரிது, அதனால் இந்தக் கேள்விக்கு அது முழு விடையாகாது.

எதில் படிப்பது என்பதையும் சொல்ல வேண்டும், பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். மனிதர்கள் மொழிபெயர்த்தது வேறு, இயந்திரம் மொழிபெயர்த்தது வேறு. சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே, ‘தா’. எழுத்துதான் வேறு. அதோடு வாக்கியத்தில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். நாமும்தான் விடுகிறோம், ஆனால் வந்தான், வந்தாள் என்று வினைமுற்று காட்டிக்கொடுக்கிறது. சீன வினைச்சொல்லில் அந்தக் குறிப்பு கிடையாது. ஆகவே இயந்திரம் ஊகிக்கிறது. ஒரே பத்தியில் நாயகி நாலு தடவை ஆணாகிப் பெண்ணாகிறாள். முக்கியமான காட்சியில் யார் யாருக்கு மோதிரம் போட்டார்கள் என்றே தெரியாமல் போனது எனக்கு. களைத்த மூளைக்கு இது கூடுதல் வேலை. மனித மொழிபெயர்ப்பு நூறு அத்தியாயத்தில் நின்றிருந்தாலும் பரவாயில்லை, உலகம் உலகமாகப் பிரிந்த கதைதானே, இரண்டு உலகம் நன்றாகப் படித்தாலே வயிறு நிறைந்துவிடும். ஒரே நீளக் கதை பாதியில் நின்றால் அந்த வசதி இல்லை. இது இனிப்புக் கதைக்குச் சாதகமான ஒரு பெரிய காரணம்.

காசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் சில அத்தியாயம் இலவசம், அப்புறம் ஒவ்வொன்றாக நாணயம் போட்டுத் திறக்க வேண்டிய செயலிகள் உண்டு. தூக்கம் வராத மூன்று மணிக்கு விரல் தானாக அழுத்திக்கொண்டே போகும். வங்கி அட்டையை அதில் சேர்க்காமல், மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே நாணயம் வாங்கிவைத்துக்கொள்வது என் பழக்கம்.

அப்படியானால் அவளுக்கு எது? வேலை நாளில் இனிப்பான உலகம் தாவும் கதை, ஒரு இரவுக்கு மூன்று அத்தியாயம். ஒரு உலகம் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டும், அடுத்த உலகத்தின் முதல் அத்தியாயத்தைத் தொடவே கூடாது. அங்கேதான் கொக்கி போட்டிருப்பார்கள். தொடர்ந்து இரண்டு நாள் விடுப்பு வந்தால் பெருங்குடும்பக் கதையைக் கையில் எடுக்கலாம். தமிழ்த் தொடரை அவள் அம்மாவோடு சேர்ந்து படிக்கட்டும். அம்மாவும் படிக்கிறவர்தான், இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

எந்தக் கதை என்று முடிவெடுக்க ஒரு சோதனையும் சொன்னேன். தொடங்கும் முன் முதல் உலகம் முடிகிற அத்தியாயத்தை மட்டும் திறந்து பார். நாயகி போனபின் அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று அரைப் பக்கமாவது இருக்கிறதா? இருந்தால் தைரியமாக முதலிலிருந்து படி. முடிவு முன்னாலேயே தெரிந்துவிடுமே என்று கேட்டாள். இந்தக் கதைகளில் முடிவு யாருக்குத்தான் தெரியாது என்றேன்.

நேற்று அதிகாலை ஐந்தே முக்காலுக்கு அவளிடமிருந்து பதில் வந்திருந்தது. இரவு வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாளாம். “அக்கா, முதல் உலகம் முடிஞ்சிருச்சு. அவ அங்கேயே எண்பது வயசு வரைக்கும் இருந்தா. அவங்க அம்மா சாகுறப்ப பக்கத்துலதான் இருந்தா. நான் பஸ்ல அழுதுட்டேன். வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட தோசை கேக்கப் போறேன்.”